எழுப்பப்பட வேண்டிய ஆலயம்

(பொன்விழா நவநாளின் ஆறாம் நாள் மாலை, திருப்பலிக்குப்பின் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழாக் காணும் நம் ஆலயத்துக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. கோபுரச் சிலுவைக்கு விளக்கும் போட்டாயிற்று. எனினும் இன்று நம் ஆலயத்தை விட்டு, வெகு தொலைவிலுள்ள ஒரு பட்டணத்தின் ஆலயங்களைப் பற்றிச் சற்றுச் சிந்திக்க விரும்புகிறோம்.

ஈராக் நாட்டிலே டைக்ரிஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது மோசுல் நகர். அக்கரையில்தான் யோனா சென்று மனந்திரும்பக் கூவிய பழைய நினிவே. கிறிஸ்தவ விசுவாசம் மிகத் தொன்மையான காலத்திலேயே அங்கு வேரூன்றியது. கல்தேயர், சிரியர், ஆர்மீனியர் எனப் பல வழிபாட்டு முறையினர் இஸ்லாமியருடன் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்து வந்தனர்.

2014 ஜூன் மாதம் 'இஸ்லாமிய அரசு' எனத் தன்னை அழைத்துக்கொண்ட தீவிரவாதப் படை அந்நகரைக் கைப்பற்றியது. அடுத்த மாதமே கிறிஸ்தவர்களுக்குக் கெடு விதித்தனர்: மதம் மாறவேண்டும், அல்லது வரி கட்டவேண்டும், அல்லது வெளியேற வேண்டும், இல்லையேல் மரணம். நசரேயர் என்பதைக் குறிக்கும் ஓர் அரபு எழுத்தை அவர்களுடைய வீட்டுச் சுவர்களில் தீட்டினர். யோனாவின் கல்லறை என்று போற்றப்பட்ட மசூதியையும் அம்மாதமே வெடிவைத்துத் தகர்த்தனர். 2017 ஜூன் 21 அன்று, அல்-நூரி பள்ளிவாசலும், 12ஆம் நூற்றாண்டு முதல் நகரின் அடையாளமாக நின்ற அதன் சாய்ந்த மினாரும் தகர்க்கப்பட்டன. ஜூலையில் நகர் மீட்கப்பட்டபோது பழைய பட்டணத்தில் எஞ்சியது பெரும்பாலும் கற்குவியலே. இழப்பு கிறிஸ்தவர்களுக்கு மட்டுமல்ல, இஸ்லாமியருக்கும்தான் என்பதை மறத்தலாகாது.

2018இல் யுனெஸ்கோ நிறுவனம் சீரமைப்புத் திட்டமொன்றை அறிவித்தது. பள்ளிவாசலுக்கென ஐந்து கோடி டாலருக்கு மேல் தர முன்வந்த ஐக்கிய அரபு அமீரகம், 2019இல் இரண்டு கத்தோலிக்க ஆலயங்களையும் அப்பணியில் சேர்த்துக்கொண்டது. ஒன்று சிரியக் கத்தோலிக்கரின் அல்-தாஹிரா அன்னை ஆலயம். மற்றொன்று, மணிக்கூண்டினால் பெயர்பெற்ற தொமினிக்கன் சபையாரின் ஆலயம். பழைய வீடுகளைச் சீர்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் உதவியது.

பணம் இருந்தால் வெளிநாட்டு ஒப்பந்தக்காரர் வந்து விரைவாகக் கட்டிவிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. உள்ளூர் இளைஞருக்கே கல் செதுக்கவும், காரை பூசவும், மரவேலை செய்யவும் பயிற்சி அளித்தனர். வேலையற்றிருந்தவனுக்குக் கூலி கிடைத்தது. மறைந்துகொண்டிருந்த கைத்தொழிலும் பிழைத்தது. கிறிஸ்தவ ஆலயத்தின் சாரத்தில் ஏறி நின்று வேலை செய்தவர்களுள் இஸ்லாமியரும் இருந்தனர். இடிபாட்டிலிருந்து மினாரின் பழைய செங்கற்கள் 45,000 பொறுக்கி எடுக்கப்பட்டு மீண்டும் பயன்பட்டன. 'நேராகக் கட்டலாமே' என்று நமக்குத் தோன்றும். ஊராரோ, தம் பாட்டன்மார் கண்ட சாய்வோடேயே அது எழவேண்டும் என்றனர். அப்படியே சாய்வாக எழுப்பினர்.

நெகேமியாவின் நூலில் எருசலேம் மதில் கட்டப்பட்ட வரலாறும் இத்தகையதே. குருக்களும் பொற்கொல்லரும் வணிகரும் வேலையைப் பங்கிட்டுக்கொண்டனர். பலர் தத்தம் வீட்டுக்கு எதிரே இருந்த பகுதியைத் தாமே பழுதுபார்த்தனர். தன் கைபட்ட சுவரை ஒருவன் எளிதில் இடிக்கமாட்டான்.

2021 மார்ச் 7 அன்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் மோசுலுக்குச் சென்று, இடிந்த நான்கு ஆலயங்களுக்கு நடுவே நின்று, போரில் இறந்தோருக்காகச் செபித்தார். 2025இல் மினாரும் அவ்விரு ஆலயங்களும் மீண்டும் தலைநிமிர்ந்தன.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. வெளியேறிய கிறிஸ்தவர்களில் மோசுலுக்குத் திரும்பிக் குடியேறியவர் மிகச் சிலரே. அப்படியானால் ஆளில்லாத ஆலயம் எதற்கு? நியாயமான கேள்விதான். கோவில் எழுந்துவிட்டது என்பதற்காக யாரும் பிள்ளைகுட்டிகளோடு திரும்பி வந்துவிடமாட்டார்கள். பிழைப்பு வேண்டும், பாதுகாப்பு வேண்டும், அனைத்துக்கும் மேலாக அண்டை வீட்டான்மீது நம்பிக்கை வேண்டும். அந்த நம்பிக்கையைக் கொத்தனார் கட்டித்தர இயலாது. ஆனால் 'நீங்கள் வரவேண்டும், உங்கள் இடம் இங்கே இருக்கிறது' என்று எழுந்து நிற்கும் ஆலயம் சொல்லிக்கொண்டேயிருக்கும்.

இன்னொரு செய்தியையும் கேளுங்கள். 2024இல் அப்பள்ளிவாசலின் தொழுகைக்கூடச் சுவருக்குள் ஐந்து பெரிய வெடிகுண்டுகள் கண்டெடுக்கப்பட்டன. போர் முடிந்து ஏழாண்டுகள் ஆன பின்னும் அவை சுவருக்குள் அப்படியே இருந்தன.

அன்புக்குரியவர்களே, நம் சுவருக்குள் என்ன இருக்கிறது? தேர்த் திருவிழாவில் எழுந்த மனத்தாங்கலுக்குப் பதினோராண்டுகள் ஆகின்றன. வடக்குத் தெருவார் இடப்பக்கம், தெற்குத் தெருவார் வலப்பக்கம் என்று இன்றும் ஒருவரையொருவர் பாராமலே ஒரே பந்தியில் நன்மை வாங்குகிறோம். கல்யாண வீட்டுக்கும் போவதில்லை, சாவு வீட்டுக்கும் போவதில்லை. பங்குச் சாமியாராகிய நாமும் குற்றமற்றவரல்லர். சமாதானம் பேசப் புறப்பட்டு, ஒரு தெருவில் மட்டும் காப்பி அருந்திவிட்டுத் திரும்பினோம். மறு தெருவார் நெஞ்சில் அது முள்ளாய்த் தைத்தது. இச்சபையின் முன் அதற்காக மன்னிப்புக் கேட்கிறோம். சுண்ணாம்பு எத்தனை முறை அடித்தாலும் உள்ளே இருப்பதை எடுக்காவிட்டால் ஆலயத்துக்கு ஆபத்துத்தான்.

திருவிழாவுக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. காணிக்கையைப் பீடத்தடியில் வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போ என்று நம் ஆண்டவர் பணித்தது நமக்காகவே. நாளை மாலை நாம் வடக்குத் தெருவிலும் தெற்குத் தெருவிலும் வீடு வீடாக வருவோம். எம்மோடு இரு தெருப் பெரியவர்களும் சேர்ந்து நடப்பார்களாக. பொன்விழாத் தேர்வடத்தை இரு தெருவாரும் கலந்து நின்று பிடிப்பார்களேயானால், அதுவே நாம் எழுப்பும் உண்மையான ஆலயம்.

தேவ அன்னை நமக்காக வேண்டிக்கொள்வாளாக. ஆமென்.