மூச்சு விடும் ஆறுகள்

ஆறு என்றவுடன் மக்கள் உள்ளத்தில் எழுவது நீரின் நினைவே. மலையிற் பிறந்து, வயல்களை ஊட்டி, ஈற்றிற் கடலோடு கலக்கும் நீர்ப்பெருக்கு என்றே மனிதர் அதனைக் காலங்காலமாக எண்ணி வந்துள்ளனர். ஆயின், ஆறு கொண்டு செல்வது நீரை மட்டுமன்று. மண்ணையும், மக்கிய இலைகளையும், அவற்றிற் பொதிந்துள்ள காபனையும் அது சுமந்து செல்கின்றது. அக்காபன் முழுவதும் கடலைச் சென்று சேர்வதில்லை. அதில் ஒரு பெரும்பங்கு நடுவழியிலேயே வாயுவாகி வானத்துக்குத் திரும்பிவிடுகின்றது. சுருங்கக் கூறின், ஆறுகளும் மூச்சு விடுகின்றன.

இவ்வுண்மையைத் தென்னமெரிக்காவின் அமேசன் ஆற்றில் தெளிவாகக் காணலாம். பிரேசில் நாட்டின் மனாவுஸ் நகருக்கு அருகே இரு பேராறுகள் கூடுகின்றன. ஒன்று, கடுந் தேயிலைச் சாயம் போன்ற நீக்ரோ ஆறு. மற்றையது, அந்தீஸ் மலைகளின் வண்டலைச் சுமந்து வரும் சொலிமோயிஸ் ஆறு. கூடிய பின்னரும் அவை பல கிலோமீற்றர் தூரம் நிறம் கலவாது அருகருகே ஓடுகின்றன. நீக்ரோ ஆற்றின் கருமைக்குக் காரணம் அழுக்கன்று. காட்டு நிலத்தில் மக்கிய இலை தழைகளின் சாறேயாகும். ஆண்டுதோறும் வெள்ளம் பெருகும்போது, அமேசன் தன் கரையைக் கடந்து காட்டினுட் புகுந்து, மரங்களின் அடியில் மாதக்கணக்கில் நிற்கும். அங்கே உதிர்ந்த இலைகளையும் பட்டைகளையும் நுண்ணுயிர்கள் இரையாக்கிக் கொள்கின்றன. அவை வெளிவிடும் காபனீரொட்சைட்டு நீரிற் கரைந்து நிறைகின்றது. சோடாப் போத்தலைத் திறந்ததும் வாயு பொங்கி எழுவது போல, நீரில் மிகுந்து நிற்கும் அவ்வாயு மேற்பரப்பினூடாக வெளியேறுகின்றது.

ஜெஃப்ரி ரிச்சி என்னும் அமெரிக்க விஞ்ஞானியும் அவருடைய தோழர்களும் 2002ஆம் ஆண்டில் இதற்கு ஒரு கணக்கு வெளியிட்டனர். அமேசன் வடிநிலத்தின் ஆறுகளும் சதுப்பு நிலங்களும் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 50 கோடி தொன் காபனை வானுக்கு விடுகின்றன என்பது அவர்களுடைய மதிப்பீடு. அவ்வாறு கடலுக்குக் கொண்டு செல்லும் சேதனக் காபனைப் போல இது ஏறக்குறையப் பத்து மடங்காகும். 2013இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, உலகின் ஆறுகளும் ஓடைகளும் சேர்ந்து ஆண்டுதோறும் 180 கோடி தொன் காபனை வெளியேற்றுகின்றன என மதிப்பிட்டது.

அவ்வாறாயின், உலகம் வெப்பமடைவதற்கு ஆறுதான் குற்றவாளியோ? அன்று. அமேசன் ஆறுகள் விடும் காபனின் பெரும்பகுதி ஐந்தாண்டு வயதுக்கும் குறைந்தது என 2005இல் கண்டறியப்பட்டது. அண்மையில் மரங்கள் காற்றிலிருந்து உறிஞ்சியதையே ஆறு காற்றுக்கு மீளக் கொடுக்கின்றது. வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பவனைக் கள்வன் என எவரும் கூறார். கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்து கிடந்த நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதோ வேறு வகையான செயல். அதனால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,000 கோடி தொன் காபன் புதிதாக வானிற் சேர்கின்றது. எனினும், காடுகள் உட்கொள்ளும் காபனை வரவில் எழுதுவோர், ஆறுகள் வெளிவிடுவதைச் செலவில் எழுதாது விட்டால் அக்கணக்குப் பிழைத்துவிடும்.

இயல்பான இம்மூச்சு இன்று கவலைக்கு உரியதாவது ஏன்? நீர் சூடேறினால் நுண்ணுயிர்களின் வேலை விரைவு பெறும். அதேவேளை நீரில் ஒட்சிசன் குறையும். உறைநிலையில் ஒரு லீற்றர் நன்னீர் 14.6 மில்லிகிராம் வரை ஒட்சிசனைக் கொள்ளும். 30 பாகை செல்சியசில் 7.5 மில்லிகிராமே கொள்ளும். ஒட்சிசன் அற்ற சேற்றில் வேறு வகை நுண்ணுயிர்கள் மெதேன் வாயுவை உண்டாக்குகின்றன. இருபது ஆண்டுக் காலத்தில் மெதேன், அதே எடையுள்ள காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 80 மடங்கு வெப்பத்தைத் தேக்க வல்லது.

ஆயினும், வெப்பம் ஒன்றே யாவற்றையும் தீர்மானிப்பதில்லை. 2023இல் வெளியான உலகளாவிய ஆய்வொன்று, ஆறுகளின் மெதேன் வெளியீட்டை ஆண்டுக்கு ஏறத்தாழ 2.8 கோடி தொன் எனக் கணித்தது. குளிர் மிகுந்த வடதேசத்து ஆறுகளும் அதில் கணிசமான பங்கு கொண்டிருந்தன. சுற்றியுள்ள நிலத்தின் சேதனப் பொருளும், சதுப்பும், மனிதர் அந்நிலத்தைப் பயன்படுத்தும் முறையுமே அங்கு வலிய காரணங்களாக நின்றன. ஆகவே, ஆற்றின் மூச்சு கரையின் நிலையைக் காட்டும் அடையாளமுமாகும்.

ஆற்று நீர் சூடேறுதல் ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. 2023இல் அமேசன் நாட்டைக் கடும் வரட்சி பீடித்தது. செத்தெம்பர் இறுதியில் தெஃபே ஏரியின் நீர் 39 பாகையைக் கடந்தது. சில வாரங்களுள் 150க்கும் மேற்பட்ட ஆற்று டொல்பின்கள் அங்கே இறந்து மிதந்தன. மனாவுஸ் துறைமுகத்தில் 1902 முதல் பேணப்பட்ட அளவீடுகளில் அதுவரை காணாத தாழ்வை நீக்ரோ ஆறு அவ்வாண்டு ஒக்டோபரில் அடைந்தது. 2024இல் அதனினும் தாழ்ந்தது. ஆற்றையே வீதியாகக் கொண்ட கரையோரக் கிராமங்கள் போக்குவரத்தின்றித் தனித்துப் போயின.

நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதைக் குறைத்தல் இதற்கு முதன்மையான பரிகாரம். அதனோடு கரைகளில் மரங்களைக் காத்தால் நீருக்கு நிழல் கிடைக்கும். கழிவு நீரைச் சுத்திகரித்து விட்டால் சேற்றில் நுண்ணுயிர்களுக்கு இரை குறையும். வயல்களில் அளவறிந்து உரமிட்டால், ஆற்றில் நைத்திரசு ஒட்சைட்டு என்னும் கொடிய வாயு பெருகாது. ஆற்றின் மூச்சை நிறுத்த எவராலும் இயலாது, நிறுத்தவும் வேண்டியதில்லை. அது இயல்பான மூச்சாகவே நீடிக்க வேண்டும். அதற்கு வேண்டிய பொறுப்பு, ஆற்றின் கரையிலே வாழும் மனிதனுடையது.