விடியும்வரை முகமூடி



நித்திரையில் மூச்சு நின்றுபோகும் வியாதியைப் பற்றி உங்களோடு சில வார்த்தைகள் பேச விரும்புகிறோம். விசேஷமாக, அதற்கான கருவி வீட்டுக்கு வந்துசேர்ந்த பிறகு கவனிக்கவேண்டிய காரியங்களைச் சொல்ல விரும்புகிறோம். ஏனெனில் பல வீடுகளில் இந்தக் கருவி சில வாரங்களுக்குள் அலமாரிக்குப் போய்விடுகிறது.

குறட்டை எல்லாம் வியாதி அல்ல. ஆனால் சிலருக்கு உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து, மூச்சு செல்லும் வழி மூடிக்கொள்ளுகிறது. பத்து வினாடியோ அதற்கு மேலோ காற்று நின்றுபோகிறது. இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை திடுக்கிட்டு எழுப்ப, திணறலோடு மூச்சு திரும்புகிறது. அப்படிப்பட்டவர் எட்டு மணி நேரம் படுத்திருந்தும் களைப்போடு எழும்புகிறார். வண்டி ஓட்டும்போது கண் அசந்துவிடுகிறார். இதில் அவருடைய உயிர் மாத்திரமல்ல, எதிரே வருகிறவருடைய உயிரும் அடங்கியிருக்கிறது.

முன்பு கடுமையான நோயாளிகளுக்குக் கழுத்தில் துளையிடுவதே முக்கிய சிகிச்சையாயிருந்தது. 1980-ம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்தில் டாக்டர் காலின் சல்லிவன், மூக்கின் வழியாகத் தொடர்ந்து காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்துவைக்கும் முறையைக் கையாண்டார். 1981-ல் அது லான்செட் மருத்துவப் பத்திரிகையில் வெளிவந்தது. அதுவே இன்று நாம் சீபேப் என்று சொல்லும் கருவி. இது பிராணவாயு கொடுக்கும் கருவி என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. அறையிலுள்ள காற்றையே அழுத்தத்தோடு அனுப்புகிறது. காற்றடித்த டியூப் அமுங்காமல் நிற்பதுபோல, தொண்டையும் மூடாமல் நிற்கிறது.

இக்காலத்துக் கருவிகள் ஒவ்வொரு இரவின் கணக்கையும் எழுதிவைக்கின்றன. அதில் ஏ.எச்.ஐ. என்ற எண்ணைத்தான் எல்லாரும் முதலில் பார்க்கிறார்கள். மணிக்கு எத்தனை தடவை மூச்சு நின்றது அல்லது வெகுவாகக் குறைந்தது என்பதே அந்த எண். ஐந்துக்குக் கீழே இருந்தால் நல்லது. 5 முதல் 15 வரை லேசான நிலை, 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை.

ஆனால் இந்த எண்ணை மாத்திரம் நம்பி இருக்கக்கூடாது. முகமூடி முகத்தில் இருக்கும் நேரத்தைத்தான் கருவி கணக்கிடுகிறது. இரவு பத்து மணிக்கு மாட்டி ஒரு மணிக்குக் கழற்றிவிட்டால், ஏ.எச்.ஐ. 2 என்று காட்டும். அவரும் சந்தோஷப்படுவார். மீதி இரவோ பாதுகாப்பில்லாத இரவு. கனவு காணும் உறக்கம் விடியற்காலை நெருங்கும்போதுதான் அதிகம். அந்த நேரத்தில் தசைகள் இன்னும் தளர்வதால் பலருக்கு மூச்சடைப்பு அப்போதே மிகுதியாகிறது. ஆகவே முதலில் எத்தனை மணி நேரம் போட்டிருந்தார் என்று பாருங்கள். இரண்டாவது, காற்றுக் கசிவைப் பாருங்கள். கசிவு மிகுந்தால் மற்றக் கணக்கும் தவறிப்போகும். மூன்றாவதுதான் ஏ.எச்.ஐ.

கசிவுக்கு மிகச் சாதாரணமான காரணங்கள் உண்டு. முகத்திலுள்ள எண்ணெய்ப் பிசுக்கு, அடர்ந்த மீசை, பழையதாய்ப்போன மெத்தை விளிம்பு ஆகியவை முகமூடியை ஒட்டவிடாது. வாரை இறுக்கினால் சரியாகும் என்று நினைப்பார்கள். மிஞ்சி இறுக்கினால் விளிம்பு மடங்கிக் கசிவு அதிகமாகும். படுத்துக்கொண்டு, காற்று ஓடும்போதே வாரைச் சரிசெய்யவேண்டும். தினமும் காலையில் மென்மையான சோப்பினால் விளிம்பைக் கழுவவேண்டும். எழும்பும்போது வாய் உலர்ந்திருந்தால், இரவில் வாய் திறந்து காற்று வெளியேறியிருக்கலாம். மூக்கடைப்பு இருந்தால் அதற்கும் வைத்தியம் செய்யவேண்டும். ஈரப்பதத் தொட்டியில் காய்ச்சி வடித்த நீரை ஊற்றி, மீதியைக் காலையில் கொட்டிவிடவேண்டும். மின்சாரம் நின்று கருவி ஓயுமானால் முகமூடியைக் கழற்றிவிடவேண்டும்.

ஈரப்பதத்தையும், ஆரம்பத்தில் அழுத்தம் மெதுவாக ஏறும் நேரத்தையும் உபயோகிக்கிறவரே தம் சௌகரியத்திற்கு மாற்றிக்கொள்ளலாம். காற்றழுத்தமோ வைத்தியரின் பொறுப்பு. ஏனெனில் மூச்சு நிற்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று தொண்டை மூடுவது. மற்றது, வழி திறந்திருந்தும் மூளை மூச்சுவிடக் கட்டளை கொடாதிருப்பது. அழுத்தத்தை உயர்த்தினால் முதல் வகை குறையும். இரண்டாவது வகை சிலருக்கு அதிகரிக்கவும் கூடும். கருவியின் அறிக்கை இவ்விரண்டையும் பிரித்துக் காட்ட முயலுகிறது. அதைப் படித்து முடிவுசெய்ய வேண்டியவர் வைத்தியர்.

எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றி, ஒரு வாரமாவது பொறுத்துப் பார்க்கவேண்டும். ஓர் இரவின் கணக்கு மற்ற இரவைப்போல் இராது. ஜலதோஷம், மல்லாந்து படுத்தல், மதுபானம், உடல் எடை எல்லாம் அதை மாற்றும். ஒரு சிறு நோட்டில் தேதி, மாற்றிய காரியம், போட்டிருந்த மணி நேரம், பகலில் தூக்கம் வந்ததா என்று நான்கு குறிப்புகள் எழுதினால் போதும். எண்கள் நன்றாயிருந்தும் பகலில் தூக்கம் அழுத்தினால், வண்டி ஓட்டாமல் வைத்தியரிடம் வரவேண்டும்.

அன்பானவர்களே, கருவியை வாங்கிக் கொடுப்பதோடு உதவி முடிந்துபோவதில்லை. உங்கள் சபையிலோ தெருவிலோ இதை உபயோகிக்கிறவர் இருந்தால், அவரைக் கேலி பண்ணாமல் போய் விசாரியுங்கள். “கருவி இருக்கிறதா?” என்று அல்ல, “நேற்று விடியும்வரை போட்டிருந்தீர்களா?” என்று கேளுங்கள். இல்லை என்றால், ஏன் கழற்றினார் என்று பொறுமையாய்க் கேட்டு, அந்த நோட்டோடு அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வாருங்கள். பெரும்பாலும் அலமாரிக்குப் போன கருவி திரும்பிவர ஒரு நல்ல முகமூடியும், விசாரிக்கிற ஒரு மனிதரும் போதும்.