பாடத்திட்டமும் பொழுதின் பங்கீடும்
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கவிதை அரங்கில் பாடத்திட்டத்திற்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். நாளை நம்மைப் படிக்கவேண்டியவர்கள் இன்று ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய பொழுதைப் பங்கிடுவதே பாடத்திட்டம்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இவ்வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 220 வேலை நாள்கள், 1000 கற்பித்தல் மணி என்று வரையறுத்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழ நாலரை மணி. புதிதாக ஒன்றைச் சேர்த்தால் இருப்பதில் ஒன்றைக் குறைத்தே ஆகவேண்டும். சேர்ப்பதை மட்டுமே அறிந்த பாடத்திட்டம் பிள்ளைகளை அழுத்துகிறது. பையின் கனத்தினும் புரியாமையின் கனமே கொடிது என்பதை யஷ்பால் குழு 1993இல் உணர்த்தியது.

1937இல் வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய மாநாட்டையொட்டி ஜாகிர் உசேன் குழு ஒரு திட்டம் வகுத்தது. ஐந்தரை மணி நேரப் பள்ளி நாளில் கைத்தொழிலுக்கு 3 மணி 20 நிமிடம். தாய்மொழிக்கு 40 நிமிடம். தொழிலின் வழியே பிற பாடங்களும் விளங்கவேண்டும் என்பது அதன் நோக்கம். நோக்கம் உயர்ந்தது, ஆனால் தராசு கையின் பக்கம் சாய்ந்தது. பின்னாளில் நம் பள்ளிகள் மறுபக்கம் சாய்ந்தன. கை ஓய்ந்தது, மனப்பாடம் ஓங்கியது.

நடுவழி எது? ஐப்பசி, கார்த்திகையில் பள்ளி முற்றத்தில் ஒரு மழைமானியை வையுங்கள். நாள்தோறும் அளவெடுத்தல் அறிவியல். சராசரி காணுதலும் வரைபடம் தீட்டுதலும் கணக்கு. ஊர் ஏரி நிரம்பிய கதையைப் பெரியோரிடம் கேட்டறிதல் சமூக அறிவியல். கண்டதைப் பிறர்க்கு விளங்க எழுதுதல் தமிழ். ஒரே உழைப்பு நான்கு பாடங்களுக்கு உரமாகிறது. தனியே பயிற்சி வேண்டும் இலக்கணத்திற்கும் வாய்பாட்டிற்கும் தனி நேரம் இருக்கட்டும். ஆட்டத்திற்குரிய பொழுதை எவரும் கடன் வாங்கவேண்டாம்.

கவிஞர்களாகிய நாம் செய்யுட்பகுதியைக் கூட்டுக என்றே வழக்கமாகக் கேட்கிறோம். நான் குறைத்துக் கேட்கிறேன். பத்துப் பாடல்களை ஒப்பிக்கும் நேரத்தில் நான்கைப் பாடி, நடித்து, விவாதித்து, தாமும் நாலு வரி எழுதிப் பார்க்கட்டும். நம் பாடல் ஒன்று விடுபட நேர்ந்தாலும் அதற்கு இசைவோம். மதிப்பெண்ணுக்காகக் கற்ற பாடல் தேர்வோடு உதிரும். விரும்பிக் கற்ற பாடல் வாழ்வோடு வரும்.