பார்சல் திரும்பி வந்தால் யார் கணக்கில் எழுதுவது?

(நமது சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இந்த இதழில் இடம்பெறுகிறது.)



லிஃப்ட் பராமரிப்பும் தண்ணீர் லாரிக் கணக்கும் பேசி முடித்த பிறகு மைக் பிடிப்பவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. எல்லோரும் களைத்துப் போயிருப்பீர்கள், குறுக்குக் கேள்வி வராது. அந்தத் தைரியத்தில்தான் வந்து நிற்கிறேன்.

வீட்டிலிருந்தபடியே இணையத்தில் பொருள் விற்பவர்கள் படும் பாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். இதைப் பேச எனக்கு என்ன தகுதி? எங்கள் வீட்டில் மருமகள் நான்கு வருடமாகச் சுங்குடிச் சேலை விற்கிறாள். போட்டோ எடுப்பது, பதில் எழுதுவது, பார்சல் கட்டுவது எல்லாம் அவள். கணக்கு எழுதுவது நான். பி.காம். படித்துவிட்டு 36 வருடம் வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்தவனுக்கு ஓய்வுக்குப் பின் கிடைத்த உத்தியோகம் அது. சம்பளம், மாலையில் ஒரு டம்ளர் காபி.

நம் குடியிருப்பிலேயே எத்தனை பேர் விற்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். இட்லி மாவு, பருப்புப் பொடி, வடகம், பிளவுஸ் ஆரி வேலை, மாடித் தோட்டச் செடி, பிறந்தநாள் கேக். இந்தக் கூடத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் விற்பவர் அல்லது அவரிடம் வாங்குபவர். ஆகவே இது எங்கள் வீட்டுப் புலம்பல் மட்டும் அல்ல.

எத்தனை வகை வாடிக்கையாளர்கள்!

முதல் வகை, கேட்பவர். இரவு பதினொரு மணிக்கு "விலை என்ன சிஸ்டர்?" என்று வருவார். விலை படத்துக்குக் கீழேயே இருக்கும். பிறகு முந்தானை படம், பார்டர் படம், வெயிலில் ஒரு படம், யாராவது கட்டியிருப்பது போல் ஒரு படம். முப்பது படம் அனுப்பிய பிறகு "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்பார். இவரைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் நாமும் நாற்பது சேலையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு எழுந்து வந்தவர்கள்தானே. பார்ப்பது வாங்குபவர் உரிமை.

இரண்டாம் வகை, "எனக்கு எடுத்து வைங்க" என்பவர். மருமகள் எடுத்து வைப்பாள். அதே சேலையைக் கேட்ட மற்ற மூன்று பேரிடம் விற்றுவிட்டது என்று சொல்வாள். நான்காம் நாள் விசாரித்தால் இரண்டு நீல டிக் விழும், பதில் வராது. வேண்டாம் என்று ஒரு சொல் எழுத எத்தனை விநாடி ஆகும்?

மூன்றாம் வகை, ஒரு விசேஷத்துக்குக் கட்டிவிட்டுத் திருப்பி அனுப்புபவர். "கலர் பிடிக்கவில்லை" என்று சீட்டு வரும். பிரித்தால் மல்லிகையும் சென்ட்டும் மணக்கும். கொசுவத்தில் ஊக்குக் குத்திய தடம் இருக்கும். ஒருமுறை மடிப்புக்குள் இரண்டு அட்சதை அரிசி இருந்தது. யார் வீட்டுக் கல்யாணமோ, நன்றாக இருக்கட்டும் என்று சொல்லிக் கீழே போட்டேன்.

நான்காம் வகை, நட்சத்திரத்தைக் காட்டி மிரட்டுபவர். "200 ரூபாய் திருப்பித் தாருங்கள், இல்லாவிட்டால் ஒரு ஸ்டார் போடுவேன்." பெரிய கம்பெனிக்கு ஆயிரம் கருத்துகளுக்கு நடுவே அந்த ஒன்று காணாமல் போகும். முப்பது பேர் மட்டும் கருத்து எழுதிய சின்ன வியாபாரிக்கு அது நெற்றியில் ஒட்டிய நோட்டீஸ்.

இவர்கள் நடுவே நியாயமாகவே ஏமாந்து போனவர்களும் உண்டு. முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றும் அசல் சுங்குடியில் ஒவ்வொரு புள்ளியையும் கையால் கட்டுகிறார்கள். ஒரு புள்ளி பெரிதாக இருக்கும், பக்கத்துப் புள்ளி சற்றுச் சிறிதாக இருக்கும். மதுரைக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் கைவேலை என்று நம்புவோம். வெளியூரில் முதல் தடவை வாங்குபவர், "புள்ளி சமமாக இல்லை, டேமேஜ் சேலை" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை. கடையாக இருந்தால் தொட்டுப் பார்த்திருப்பார், வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் விரித்திருப்பார், கடைக்காரர் விளக்கியிருப்பார். இங்கே அவர் கையில் இருப்பது உள்ளங்கை அளவு படம் மட்டும்.

கணக்குப் புத்தகம் சொல்வது

எரிச்சல் ஒரு பக்கம் இருக்கட்டும். பணத்துக்கு வருவோம். அச்சுச் சுங்குடி ஒன்று எங்களுக்கு 620 ரூபாய்க்கு வருகிறது. தபால் செலவு உட்பட 800 ரூபாய்க்கு விற்கிறோம். கூரியர் 70, பை, அட்டை, டேப் எல்லாம் சேர்த்து 15. மிச்சம் 95 ரூபாய்.

பொருள் வந்ததும் பணம் தருகிறேன் என்று ஆர்டர் செய்தவர், வாசலில் வந்து நிற்கும் பையனிடம் "வேண்டாம்ப்பா" என்று சொல்லிவிட்டால்? போக 70, திரும்பி வர 70, பேக்கிங் 15. மொத்தம் 155 ரூபாய் நஷ்டம். பத்துப் பார்சல் போய், பத்தும் விலையானால் லாபம் 950. அதில் இரண்டு திரும்பினால் எட்டுச் சேலையின் லாபம் 760, கழிவு 310, கையில் நிற்பது 450. பத்தில் இரண்டு பேர் "வேண்டாம்ப்பா" என்றால் லாபத்தில் பாதிக்கும் மேல் போய்விடுகிறது. அந்த இரண்டு பேரும் கெட்டவர்கள் அல்ல. ஆர்டர் போட்ட அன்று ஆசை இருந்தது, பார்சல் வந்த அன்று இல்லை. அவ்வளவுதான். ஆனால் அந்த மனமாற்றத்தின் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று ஒவ்வொரு மாதமும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறேன்.

இது புதிய வியாதியும் அல்ல. என் வயதுக்காரர்களுக்கு வி.பி.பி. ஞாபகம் இருக்கும். ஒரு கார்டு எழுதிப் போட்டால் புத்தகம் வரும், தபால்காரரிடம் பணம் கட்டி வாங்கிக்கொள்ளலாம். கட்டாமல் திருப்பி அனுப்பினால் தபால் செலவு முழுவதும் அனுப்பியவர் தலையில். அன்று சின்னப் பதிப்பாளர் பட்ட கஷ்டத்தை இன்று மாவு விற்பவரும் சேலை விற்பவரும் படுகிறார்கள்.

சட்டம் யார் பக்கம்?

கல்லூரியில் வணிகச் சட்டம் என்று ஒரு தாள் இருந்தது. அதில் படித்த 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது. அதன் 15ஆம் பிரிவு, வர்ணனை சொல்லி விற்கும் பொருள் அந்த வர்ணனைக்குப் பொருந்தியிருக்க வேண்டும் என்கிறது. இணையத்தில் விற்பது எல்லாமே வர்ணனை சொல்லி விற்பதுதான். ஆக, படத்துக்குக் கீழே எழுதும் நாலு வரி அலங்காரம் அல்ல, ஒப்பந்தம்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், அடுத்த ஆண்டு வந்த மின்வணிக விதிகளும் இன்னும் தெளிவாகச் சொல்கின்றன. இணையச் சந்தைத் தளங்களில் விற்பவர், பொருளில் குறை இருந்தாலும், விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டாலும், திரும்ப எடுக்க மாட்டேன் என்று சொல்ல முடியாது. குறையுள்ள பொருளைத் திருப்பித் தர பில்லில் கெடு குறிப்பிடாவிட்டால் 30 நாள் என்று சட்டமே வைத்திருக்கிறது. விற்பவரே வாங்கியவர் போல வேடம் கட்டித் தன் பொருளைப் புகழ்ந்து எழுதுவதும் கூடாது.

ஆனால் நன்றாக இருக்கும் பொருளை, "மனசு மாறிவிட்டது" என்பதற்காகத் திரும்ப எடுத்தே ஆக வேண்டும் என்று இந்த விதிகள் சொல்லவில்லை. பெரிய தளங்கள் எடுத்துக்கொள்கின்றன என்றால் அது அவர்கள் வியாபாரக் கொள்கை. அதைப் பார்த்துப் பழகிய நாம், பொடி விற்கும் அக்காவிடமும் அதையே எதிர்பார்க்கிறோம்.

விற்பவர்களுக்குச் சில வார்த்தைகள்

வங்கியில் வாயால் சொன்னது செல்லாது, எழுதியதுதான் செல்லும். அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

விலையை எல்லோரும் பார்க்கும்படி போடுங்கள். "இன்பாக்ஸில் கேளுங்கள்" என்பது கேட்பவருக்குச் சந்தேகத்தையும் உங்களுக்கு வேலையையும் கொடுக்கும். நிறம் வெயிலில் ஒரு மாதிரியும் டியூப்லைட்டில் ஒரு மாதிரியும் தெரியும் என்றால் இரண்டு படமும் போடுங்கள். கைவேலையில் வரும் ஏற்றத்தாழ்வை முன்கூட்டியே எழுதுங்கள். முதல் தடவை உப்புத் தண்ணீரில் தனியாக நனைக்க வேண்டும் என்றால் அதை ஒரு சீட்டில் எழுதிப் பார்சலுக்குள் வையுங்கள். எங்கள் வீட்டில் அந்தச் சீட்டு வைக்கத் தொடங்கிய பிறகு சாயம் போகிறது என்ற புகார் வெகுவாகக் குறைந்தது.

எடுத்து வைப்பதற்கு ஒரு கெடு சொல்லுங்கள். 24 மணி நேரம், அதற்குள் பணம் வராவிட்டால் அடுத்தவருக்கு. பார்சல் கட்டும்போது செல்போனில் ஒரு சின்ன வீடியோ எடுத்து வையுங்கள். திருப்பித் தரும் கெடுவைப் பில்லில் எழுதுங்கள். கோபமாக வரும் செய்திக்கு அன்றைக்கே பதில் எழுதாதீர்கள். கவுன்டரில் எனக்கு அந்த வசதி இருந்ததில்லை. எதிரே நிற்பவர் கத்தினால் அப்போதே பேசியாக வேண்டும். உங்களுக்குக் கிடைத்திருக்கும் அந்த ஒரு இரவை வீணாக்காதீர்கள்.

பணம் விஷயத்தில் மட்டும் யாரையும் நம்பாதீர்கள். பணம் அனுப்பிவிட்டேன் என்று ஒரு ஸ்கிரீன்ஷாட் வரும். அது வெறும் படம். படத்தை யாரும் தயாரிக்கலாம், எஸ்.எம்.எஸ்.ஸையும் தயாரிக்கலாம். உங்கள் கணக்கைத் திறந்து வரவு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். லெட்ஜரில் ஏறாத பணம், பணம் அல்ல. "தவறிக் கூடுதலாக அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பிப் போடுங்கள்" என்று அவசரப்படுத்தினாலும் இதே விதிதான். பணம் வாங்குவதற்கு யு.பி.ஐ. ரகசிய எண் தேவையே இல்லை. அதைக் கேட்டாலே உங்களிடமிருந்து பணம் போகப் போகிறது என்று அர்த்தம். மோசடி நடந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். சரக்கு விற்பனைச் சட்டம் வந்த வருடத்தை ஞாபகம் வைத்தால் போதும், இந்த எண்ணும் மறக்காது. வாங்குபவர்கள் முறையிட தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

வாங்குபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

இனி நான் சொல்வது சிலருக்குக் கசக்கலாம். நம் குடியிருப்பில் ஒரு அம்மா மாவு அரைத்துக் கொடுத்துவந்தார், உங்களுக்குத் தெரியும். இப்போது நிறுத்திவிட்டார். மாவு புளித்ததாகவோ விலை கூடுதல் என்றோ யாரும் குறை சொன்னதில்லை. ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டபோது ஒரு நோட்டைக் காட்டினார். 40 ரூபாய், 80 ரூபாய், 40 ரூபாய் என்று பக்கம் பக்கமாகப் பாக்கி. "நாளைக்கு ஜிபே பண்ணிடறேன்" என்று சொன்னவர்கள் யாருக்கும் ஏமாற்றும் எண்ணம் இல்லை. மறந்துவிட்டோம். தினமும் லிஃப்டில் பார்க்கிற முகத்திடம் 40 ரூபாய் கேட்க அவருக்குக் கூச்சம். கேட்டு வாங்குவதைவிடக் கிரைண்டரை நிறுத்துவது சுலபமாக இருந்திருக்கிறது. அந்த வருமானத்தில்தான் பெண்ணுக்குக் கல்லூரிப் பஸ் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தார்.

வெளியூர்க்காரர் படுத்தினால் பிளாக் செய்துவிடலாம். பக்கத்து வீட்டுக்காரரை என்ன செய்வது?

அதனால் சங்கத்தின் முன் மூன்று யோசனைகளை வைக்கிறேன். ஒன்று, நம் குழுவில் வாங்கினால் அன்றைக்கே பணம். இரண்டு, பொருளில் குறை இருந்தால் முதலில் விற்றவரிடம் நேரில் சொல்வோம். இரண்டு நாளில் தீராவிட்டால் குழுவில் எழுதலாம். பொடியில் உப்புக் கூடியதை 200 பேர் பார்க்கும் இடத்தில் முதலில் எழுதுவது புகார் ஆகாது, தண்டனை. மூன்று, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தக் கூடத்தை மூன்று மணி நேரம் நம் வீட்டு விற்பனையாளர்களுக்குத் தரலாம். தொட்டுப் பார்க்கலாம், ருசி பார்க்கலாம், பேரமும் பேசலாம். படத்தால் வரும் பாதித் தகராறு அங்கே வராது.

அந்த நோட்டில் உள்ள பாக்கி மொத்தம் 2,360 ரூபாய். யார் யார் எவ்வளவு என்று நான் பார்க்கவில்லை, பார்த்திருந்தாலும் சொல்ல மாட்டேன். உங்கள் செல்போனில் பழைய செய்திகளைத் தேடினால் உங்களுக்கே தெரிந்துவிடும். மாவு திரும்பக் கிடைக்குமா என்று என்னிடம் கேட்பவர்கள், தயவுசெய்து முதலில் அதைப் பாருங்கள்.