கோல்செஸ்டர் – எரிந்தும் எழுந்த ஊர்



மான்செஸ்டர் என்னும் பெயர் பந்தாட்டப் பிரியர்களுக்கு நன்றாகத் தெரியும். இங்கிலாந்தில் இப்படிச் 'செஸ்டர்' என்று முடியும் ஊர்கள் பல. உரோமானியரின் லத்தீன் மொழியில் படைப் பாசறையைக் குறித்த சொல்லே இப்படித் திரிந்து நிற்கிறது. அவற்றுள் ஒன்று, இலண்டனுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 50 மைல் தொலைவிலுள்ள கோல்செஸ்டர். அதன் பழங்கதையை இன்று பார்ப்போம்.

உரோமானியர் வருமுன்பே அது பேர்பெற்ற ஊர்தான். கமுலோடூனம் என்பது அன்றைய பெயர். கமுலோஸ் என்னும் போர்த்தெய்வத்தின் கோட்டை என்று பொருள். குனோபெலின் என்ற அரசன் அங்கே பொற்காசு அடித்தான். காசில் தானியக் கதிரைப் பொறித்தான். அது விளைச்சல் பூமி.

கி.பி. 43-இல் உரோமப் படை கடல் கடந்து வந்தது. பேரரசர் கிளாடியஸ் தாமே வந்து ஊருக்குள் நுழைந்தார். பிரிட்டனில் அவர் தங்கியது 16 நாள்தான். ஆனால் படை தங்கிவிட்டது. 49-இல் அவ்வூர், ஓய்வுபெற்ற சிப்பாய்களின் குடியேற்றமாக மாற்றப்பட்டது. அவர்களுக்கு நிலம் வேண்டுமல்லவா? அங்கே வாழ்ந்த டிரினோவான்டியர் என்ற மக்களை வீட்டைவிட்டும் வயலைவிட்டும் விரட்டினார்கள். அடிமைகள் என்று ஏசினார்கள். இதை எழுதிவைத்தவர் டாசிட்டஸ் என்ற உரோமானியரே. அவருடைய மாமனார் அக்காலத்தில் பிரிட்டனில் படைப்பணியில் இருந்தவர். ஆகவே இதனை எதிரி கட்டிய கதை என்று தள்ளிவிட முடியாது.

போதாக்குறைக்கு, கிளாடியஸுக்கு ஒரு பெரிய கோயிலும் எழுந்தது. பூசைப் பொறுப்பு என்ற பெயரில் உள்ளூர்ப் பெரியவர்களின் சொத்தெல்லாம் அதில் கரைந்தது. நிலம் போனவனே தன்னை வென்றவனுக்குக் கோயில் செலவும் கட்டினான்!

கி.பி. 60 அல்லது 61-இல் பொறுமை தீர்ந்தது. அண்டையில் ஐசீனியர் நாட்டு அரசன் இறந்தான். தன் நாட்டைப் பேரரசருக்கும் தன் இரு பெண்மக்களுக்கும் பொதுவாக எழுதிவைத்திருந்தான். அதிகாரிகளோ அனைத்தையும் பறித்தார்கள்; அரசி பூடிக்காவைச் சவுக்கால் அடித்தார்கள்; அந்தப் பெண்மக்களைக் கெடுத்தார்கள். பூடிக்கா படை திரட்டினாள். நிலம் இழந்த டிரினோவான்டியரும் சேர்ந்துகொண்டார்கள்.

கோல்செஸ்டருக்கு அப்போது மதில் இல்லை. பெரும்படையோ தொலைவில் மோனா தீவில் இருந்தது. உதவிக்கு வந்தவர்கள் ஏறக்குறைய 200 பேர். அவர்களிடமும் சரியான ஆயுதமில்லை. ஊர் எரிந்தது. கோயிலுக்குள் ஒளிந்தவர்கள் இரண்டு நாள் தாங்கினார்கள், அதுவும் வீழ்ந்தது. அடுத்து இலண்டன் எரிந்தது. முடிவில் பூடிக்காவும் போரில் தோற்று மாண்டாள்.

உரோமானியர் ஊரை மறுபடி கட்டினார்கள். இம்முறை மதிலும் எழுப்பினார்கள். அதன் பெரும்பகுதி இன்றும் நிற்கிறது. ஆயிரம் ஆண்டுக்குப் பின் வந்த நார்மானியர், அந்தப் பழைய கோயிலின் அடித்தளத்தின் மீதே தங்கள் கோட்டையைக் கட்டினார்கள். உரோமானியரின் செங்கல்லையும் எடுத்துக்கொண்டார்கள்.

இன்றும் அங்கே கடைக்கால் தோண்டினால், பூடிக்கா மூட்டிய தீயில் வெந்த மண் அடுக்காகத் தென்படுகிறது. அதனுள் கருகிய கோதுமை கிடைத்திருக்கிறது. கடல் கடந்து வந்த பேரீச்சம்பழமும் கிடைத்திருக்கிறது. 2014-இல் கடைத்தெருவில் ஒரு வீட்டுத் தரையின் அடியில் பொன் காப்பு, காதணி, மோதிரம் எல்லாம் கிடைத்தன. கலகக்காரர் வருமுன் யாரோ அவசரமாகப் புதைத்தவை. புதைத்தவர் திரும்பி வந்து எடுக்கவில்லை.