படத்தில் இருப்பவர் யார்?



கனடாவின் தலைநகரமான ஒட்டாவாவில் தேசிய நூலகமும் ஆவணக் காப்பகமும் ஒரே அமைப்பாக இயங்கி வருகின்றன. அங்கே பாதுகாக்கப்படும் பழைய புகைப்படங்களில் வடதுருவச் சிற்றூர்ப் பள்ளிக்கூடங்களின் படங்களும் உண்டு. அவற்றுள் பல 1940, 1950ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்டவை. எடுத்தவர்கள் அரசாங்க அதிகாரிகள், மருத்துவர்கள், போலீஸ்காரர்கள், பத்திரிகைப் புகைப்படக்காரர்கள்.

இப்படங்களில் திரும்பத் திரும்ப வரும் காட்சி ஒன்று உண்டு. பனிவெளியில் பலகையால் கட்டிய பள்ளிக்கூடம். விலங்குத் தோலாலான கனத்த சட்டையணிந்த பிள்ளைகள். பக்கத்தில் தென்பகுதியிலிருந்து வந்த ஆசிரியர். படத்தின் குறிப்பில் ஊரின் பெயர் இருக்கும். ஆண்டு இருக்கும். சில வேளைகளில் ஆசிரியரின் பெயரும் இருக்கும். பிள்ளைகளின் பெயர் மட்டும் இராது. 'எஸ்கிமோ மாணவர்கள்' என்பதோடு குறிப்பு முடிந்துவிடும்.

எஸ்கிமோ என்பது மற்றவர்கள் வைத்த பெயர். அம்மக்கள் தங்களை இனுயிட் என்றுதான் அழைத்துக் கொள்கிறார்கள். அவர்கள் மொழியில் அதற்கு 'மக்கள்' என்று பொருள்.

இனுயிட் மக்களுக்குப் பெயர் என்பது வெறும் அடையாளமன்று. மறைந்துபோன உறவினர் ஒருவரின் பெயரைப் பிறந்த குழந்தைக்குச் சூட்டுவார்கள். பெயரோடு அவருடைய ஆன்மாவும் குழந்தையிடம் வந்து சேர்கிறது என்பது நம்பிக்கை. பாட்டியின் பெயரைத் தாங்கிய சின்னஞ்சிறு பெண்ணைப் பெற்ற தாயே 'அம்மா' என்று அழைப்பதும் உண்டு. தமிழருக்கு இது எளிதில் புரியும். பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன். அவனே பேரன் ஆனான்.

அப்படிப்பட்ட மக்களுக்கு என்ன நேர்ந்தது தெரியுமா? அவர்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை, பெயர்களை எழுதவும் உச்சரிக்கவும் முடியவில்லை என்று அதிகாரிகள் குறைபட்டுக் கொண்டார்கள். 1941ஆம் ஆண்டு தொடங்கி ஆளுக்கொரு எண் கொடுக்கப்பட்டது. சிறிய வட்டமான வில்லை ஒன்றில் அந்த எண் பொறிக்கப்பட்டிருக்கும். அதைக் கழுத்தில் தொங்கவிட வேண்டும் அல்லது உடையில் தைத்துக்கொள்ள வேண்டும். கிழக்குப் பகுதியினருக்கு 'ஈ' என்றும் மேற்குப் பகுதியினருக்கு 'டபிள்யூ' என்றும் எண் தொடங்கும். லூசி இட்லவுட் என்ற இனுயிட் பாடகி பின்னாளில் தம் இசைத்தொகுப்பு ஒன்றுக்கு 'ஈ5-770, என் தாயின் பெயர்' என்று தலைப்பிட்டார். அந்த ஒரு வரியிலேயே ஒரு தலைமுறையின் வேதனை அடங்கியிருக்கிறது.

1968ஆம் ஆண்டில் ஏப் ஒக்பிக் என்பவர் ஊர் ஊராகச் சென்று, எண்ணுக்குப் பதிலாகக் குடும்பப் பெயரைப் பதிவு செய்யும் பணியைத் தொடங்கினார். அவரும் ஓர் இனுயிட்தான். அவருடைய சொந்த எண் டபிள்யூ3-554.

பள்ளிக்கூடங்களின் கதையும் இதைப் போன்றதே. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மத்திய அரசாங்கம் வடக்கே பள்ளிகளைக் கட்டியது. பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. மரமே முளைக்காத மண்ணில் பிறந்த பிள்ளைகள் மரமும் பண்ணையும் நிறைந்த பாடநூல்களைப் படித்தார்கள். பலர் பெற்றோரைப் பிரிந்து விடுதிகளில் தங்க வேண்டியிருந்தது. பீட்டர் இர்னிக் என்பவர் 1958இல், 11 வயதில், செஸ்டர்பீல்டு இன்லெட் என்னும் ஊரின் பள்ளிக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அங்கே தாய்மொழி பேசத் தடை இருந்ததையும், தாம் அனுபவித்த கொடுமைகளையும் அவர் பின்னர் வெளிப்படையாகப் பேசினார். அந்தச் சிறுவன்தான் 2000ஆம் ஆண்டில் நுனாவுட் பிரதேசத்தின் ஆணையர் ஆனார்.

ஆசிரியர்கள் அனைவரும் கொடியவர்கள் என்று சொல்லிவிட முடியாது. அன்போடு கற்பித்தவர்களும் இருந்தார்கள். சர்ச்சில் நகரப் பள்ளியில் படித்த ஜான் அமகோவாலிக் போன்றவர்கள், அங்கே கற்ற ஆங்கிலத்தைக் கொண்டே அரசாங்கத்தோடு வாதாடினார்கள். 1999 ஏப்ரல் 1ஆம் நாள் நுனாவுட் தனிப் பிரதேசமாக மலர்ந்தது. ஆனாலும் இழந்தது இழந்ததுதான். பழங்குடிப் பிள்ளைகளுக்கு நடந்த உறைவிடப் பள்ளி முறைக்காக 2008இல் கனடாப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

ஒட்டாவாவில் நுனாவுட் சிவுனிக்சவுட் என்ற கல்லூரித் திட்டம் இருக்கிறது. இனுயிட் இளைஞர்கள் அங்கே தங்கள் வரலாற்றைப் படிக்கிறார்கள். ஆவணக் காப்பகத்தில் இருக்கும் பழைய படங்களில் தங்கள் தாத்தா பாட்டிகள் பெயரின்றி நிற்பது அவர்களுக்குத் தெரியும். அந்தப் பெயர்களைக் கண்டுபிடிக்க 2000களின் தொடக்கத்தில் ஒரு திட்டம் உருவாயிற்று. அதற்குப் 'பெயரிடும் திட்டம்' என்றே பெயர். கல்லூரித் திட்டமும் காப்பகமும் நுனாவுட் அரசாங்கமும் அதில் கைகோத்தன.

ரிச்சர்ட் ஹாரிங்டன் என்ற புகைப்படக்காரர் எடுத்த படங்கள் முதலில் கணினியில் ஏற்றப்பட்டன. இளைஞர்கள் மடிக்கணினியோடு பெரியவர்களைத் தேடிப் போனார்கள். திரையில் ஒரு முகம் வந்ததும், இவர் இன்னார், இவருடைய மகன் இன்னார் என்று பெரியவர்கள் சொல்லச் சொல்ல இளைஞர்கள் எழுதிக்கொண்டார்கள். அரை நூற்றாண்டாகப் பெயரின்றி இருந்த முகங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் கிடைத்தது. திட்டம் வளர்ந்து ஆயிரக்கணக்கான படங்கள் சேர்ந்தன. 2015இல் மற்றப் பழங்குடி மக்களின் படங்களும் அதில் இடம்பெற்றன.

ஒரு படத்தைக் காட்டி 'இது யார்?' என்று கேட்டபோது, பெரியவர்கள் பெயரோடு நிறுத்தவில்லை. வேட்டைக்குப் போன கதை, பஞ்சம் வந்த கதை என்று பலவற்றையும் சொன்னார்கள். தாய்மொழி குன்றிப்போன பேரப்பிள்ளைகளுக்கும் அவர்களுக்கும் நடுவே நின்ற சுவரை ஒரு பழைய படம் தட்டித் திறந்தது.

ஆனால் இந்தப் பணியில் ஒரு போட்டி இருக்கிறது. அது காலத்தோடு நடக்கும் போட்டி. முகத்தைப் பார்த்துப் பெயர் சொல்லக்கூடியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறார்கள். ஒரு மூதாட்டி கண்மூடினால், அவர் மட்டுமே அறிந்திருந்த பெயர்களும் அவரோடு போய்விடும். படத்தைக் குளிரூட்டிய அறையில் நூறாண்டு வைத்திருக்கலாம். பெயரை அப்படி வைத்திருக்க முடியுமா?

நேயர்களின் வீட்டு அலமாரியிலும் ஒரு பழைய பள்ளிப் படம் இருக்கக்கூடும். நடுவில் ஆசிரியர், சுற்றிலும் வரிசையாகப் பிள்ளைகள். இந்த வார இறுதியில் அதை வெளியே எடுங்கள். வீட்டுப் பெரியவரின் பக்கத்தில் உட்காருங்கள். முதல் வரிசையின் இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொருவராகக் காட்டி, இவர் யார் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பெயர்களைத் தனித்தாளில் எழுதிப் படத்தோடு வையுங்கள். கேட்பதற்கு ஆள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.