மூட்டையில் புரதம் எழுதினால் போதுமா? லைசின் எவ்வளவு, சொல்!

(பன்றி வளர்ப்போர் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



தோல் கழிவு பாலாற்றங்கரைக் கிணறுகளைக் கெடுத்தது. மாசு செய்தவனே ஈடு கட்டணும்னு உச்சநீதிமன்றம் 1996-லேயே சொன்னது. 2025 ஜனவரியிலும் மறுபடி சொன்னது. பயிர் போன இடத்தில் நாலு பன்றி வளர்த்துப் பிழைக்கிறோம். அதிலும் நஷ்டம். ஏன்?

மக்காச்சோளம் 65 கிலோ, கடலைப் புண்ணாக்கு 25, தவிடு 8, தாது உப்பு 2 கலக்கிறோம். புரதம் சுமார் 17 சதவீதம் வந்துவிடுகிறது. ஆனாலும் குட்டி எடை ஏற மாட்டேங்குது. செங்கல் லோடு லோடா வந்தாலும் சிமெண்ட் இல்லேன்னா சுவர் எழும்புமா? அந்த சிமெண்ட்தான் லைசின் என்ற அமினோ அமிலம். 20 முதல் 50 கிலோ எடையுள்ள பன்றிக்குத் தீவனத்தில் லைசின் கிட்டத்தட்ட 1 சதவீதம் வேணும். இந்தக் கலவையில் 0.6 அளவுதான் தேறும். உடம்பில் ஒட்டாத புரதம் மூத்திரமாய்ப் போகுது. காசும் போகுது, கிணறும் இன்னும் கெடுது.

வழி இருக்கிறது. கடலைப் புண்ணாக்கில் பாதியை எடுத்துவிட்டு சோயா புண்ணாக்கு போடுங்கள். 100 கிலோவுக்கு 200 கிராம் லைசின் தூள் சேருங்கள். பயறு வகையில் மெத்தியோனின் என்ற இன்னொரு அமிலமும் குறைவு. கொஞ்சம் எள்ளுப் புண்ணாக்கு அதை ஈடு கட்டும். பூஞ்சை பிடித்த புண்ணாக்கைத் தொடாதீர்கள்.

மலிவுப் புரதம்னு யாராவது தோல் சீவலைக் கொண்டுவந்தால் துரத்துங்கள். அதில் குரோமியம் இருக்கிறது. தோல் புரதத்தில் டிரிப்டோபேன் என்ற அமிலம் அறவே இல்லை. தோல் கழிவில் தீவனம் செய்வதை வங்கதேச உயர்நீதிமன்றம் 2011-இல் தடுத்தது.

நாம் கேட்பது மூன்று:

1. தீவன மூட்டையில் புரதத்தோடு லைசின், மெத்தியோனின் அளவையும் அச்சிடு!
2. சிறு விவசாயி கொண்டுவரும் புண்ணாக்கை இலவசமாகப் பரிசோதித்துக் கொடு!
3. லைசின் தூளைக் கூட்டுறவுச் சங்கத்தில் கால் கிலோ, அரை கிலோ பொட்டலமாய் விற்பனை செய்!

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று ஆட்சியர் அலுவலகங்களிலும் அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் இதையே கேட்போம். ஆளுக்கொரு மனுவோடு திரண்டு வாரீர்!